தேடினால் வரும் பேர்

"பழைய பேர்தான் இன்னும் வருதாம்மா?"

கடிகாரக் கடைக்காரர் அன்றும் கேட்டார். ஆளுக்கொரு நேரம் காட்டும் கடிகாரங்களுக்கு நடுவே, பிற்பகல் கண் சொருகிக் கிடந்தது. கடையின் வலைத்தளத்தைப் புதுப் பெயருக்கு மாற்றிக் கொடுத்த பெண்ணுக்குச் சங்கடமாக இருந்தது. இணையத்தில் தேடினால், ‘அண்ணன் தம்பி கடிகாரக் கடை’ என்ற பழைய தலைப்பே விடியற்காலைக் கனவு போல மிதந்து வந்தது.

"ஆமாண்ணே. தேடுபொறி புதுப் பக்கத்தை வந்து படிச்சாத்தான் தலைப்பு மாறும். அது ஆமை!"

"ம்" என்றார்.

மறுவாரம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"மாறிடுச்சுண்ணே! இனிமே ‘அண்ணன் கடிகாரக் கடை’ மட்டும்தான்!"

அவர் கையிலிருந்த திருப்புளி நழுவியது.

"போயிடுச்சா?"

"நீங்க கேட்டதுதானேண்ணே?"

"தம்பிகூட சண்டை போட்ட கோபத்துல கேட்டேம்மா. எங்கே இருக்கானோ... என்னைக்காவது தேடினா, பழைய பேரைப் பார்த்து அண்ணன் நம்மளை விடலைன்னு நினைப்பானே. அதுக்காகத்தான் அந்தப் பேர் இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேன்."

அவள் மடிக்கணினியைத் திறந்து, தலைப்பில் ‘தம்பி’யைச் சேர்த்தாள்.

"சேர்த்துட்டேண்ணே. ஆனா தேடினா தெரிய நாளாகும்."

"ஆகட்டும்மா. எனக்குப் புத்தி வரவே இவ்வளவு நாளாச்சே!"