மாப்பிள்ளை வைத்த ஃபயர்வால்

“இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒண்ணு, இந்தப் பெட்டி வெளியே போகணும், இல்லேன்னா இதைக் கொண்டுவந்த மனுஷன் போகணும்!”

அப்பாவின் குரலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மகள் தலை குனிந்துகொண்டாள். அந்த மனுஷன் அவளுடைய கணவர். வீட்டோடு மாப்பிள்ளை வேறு.

பெட்டி என்பது ஹால் மூலையில் உறுமிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர். நெட்வொர்க் உத்தியோகத்தில் இருந்த மாப்பிள்ளை, இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை அதில் ஏற்றி, உள்ளேயே இரண்டு மாயக் கம்ப்யூட்டர்களை உருவாக்கியிருந்தார். ஒன்று குடும்பப் புகைப்படங்களைச் சேமித்தது. மற்றொன்று ஃபயர்வால். வீட்டுக்குள் வரும் இணையம் முழுவதும் அதன் அனுமதி பெற்றே வரவேண்டும். சீரியல், மேட்ச், ஆன்லைன் விளையாட்டு ஆகிய மூன்றுக்கும் அது அனுமதி மறுத்துவிட்டது.

“கம்ப்யூட்டருக்குள்ள கம்ப்யூட்டராம், அதுக்குள்ள காவல்காரனாம்!” என்று நொடித்தாள் அம்மா. “கண்ணுக்கே தெரியாதவன், என் சீரியலை மட்டும் எப்படித்தான் கண்டுபிடிச்சு நிறுத்தறானோ!”

“காசு குடுத்து வாங்கியிருந்தா இவ்வளவு ஒழுங்கா வேலை செஞ்சிருக்காதும்மா,” என்றான் தம்பி.

அவனுடைய அனுபவம் பேசியது. காலையில்தான் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்திருந்தான். காவல்காரனோடு வாசலும் சேர்ந்து போய், வீட்டில் ஒருவருக்கும் சொட்டு இணையம் இல்லாமல் போயிற்று. அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு மறுபடி சொருகியபோது, முதல் ஆளாக எழுந்து உட்கார்ந்தது அந்த ஃபயர்வால்தான்.

“மாமா, கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க. பழகிடும்,” என்றார் மாப்பிள்ளை.

“பழகிடுமா? இது என்ன ஜெயிலா? என் வீட்ல எனக்கே சட்டமா?”

மாப்பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டார். மகள் வாசல்வரை பின்னாலேயே போனாள்.

“அம்மாவோட சீரியலையாவது விடக்கூடாதா? அப்பா நிஜமாவே வெளியே போகச் சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க?”

“போகச் சொன்னாப் போயிடலாம். திறக்க மட்டும் முடியாது.” அவர் நடையைக் கட்டினார்.

“கல்லுளிமங்கன்!” என்று உள்ளிருந்து தீர்ப்பளித்த அம்மா, சமையலறைக்குப் போனாள். தம்பி, தடையில்லாத இணையம் தேடி நண்பன் வீட்டுக்குக் கிளம்பினான்.

கணவரின் லேப்டாப்பைத் திறந்தாள் மகள். பாஸ்வேர்ட் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டுமென்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கும் அந்த மேதை வைத்திருந்தது, தம் கல்யாணத் தேதி. நேரில் அந்த நாளை ஒருமுறைகூட அவர் ஞாபகம் வைத்துக்கொண்டதில்லை.

ஃபயர்வாலின் விதிகள் திரையில் விரிந்தன. அனைத்தையும் நீக்கும் பொத்தானில் அம்புக்குறியை நிறுத்தினாள்.

“அப்பா, இனிமே கத்தாதீங்க. எல்லாத்தையும் திறந்து விட்டுடறேன். அவரை மட்டும் போகச் சொல்லாதீங்க.”

முழங்கால் வலியென்று தண்ணீர் கூட உட்கார்ந்த இடத்தில் கேட்கும் அப்பா, ஒரே பாய்ச்சலில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம்மா!” கண்ணாடியை அதிரவைத்த குரல் இப்போது பக்கத்துச் சோபாவைக்கூட எட்டவில்லை. “தொடாதே!”

“நீங்கதானே காலையிலேர்ந்து...”

“கத்துவேன். நாளைக்கு இதைவிடக் கேவலமாவும் கத்துவேன். ஆன்லைன்ல காசு வெச்சு ஆடற சீட்டு என்னை அப்படி ஆட்டி வைக்குது. நான் என்ன கூத்தடிச்சாலும் திறக்காதீங்கன்னு மாப்பிள்ளை கையைப் பிடிச்சுக் கெஞ்சினவனே நான்தாம்மா.”

மகள் அம்புக்குறியைப் பொத்தானிலிருந்து நகர்த்தினாள். அதன்பின் கேட்டாள்:

“சரிப்பா, சீட்டை மட்டும் நிறுத்தினாப் போதாதா? அம்மாவோட சீரியல் என்ன பாவம் பண்ணிச்சு?”

அப்பா சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“சீட்டை மட்டும் நிறுத்தினா, இந்த வீட்ல யார் சீட்டாடறதுன்னு உங்க அம்மா அடுத்த நிமிஷமே கண்டுபிடிச்சிடுவாளே! ‘எல்லாத்தையும் மூடிடறேன் மாமா, கெட்ட பேர் எனக்கே வந்து சேரட்டும்’னு சொல்லிட்டார் மாப்பிள்ளை.”