தொட்ட கை

பாறசாலைக் கல்யாண மண்டபத்து வாசலில், கம்பளங்களைக் கழுவி முடித்த இயந்திரத்தை வேனில் ஏற்ற ரெஜின் பலகையைச் சாய்த்தான். சங்கத்துச் சுமைத் தொழிலாளிகள் நான்கு பேர் வந்து மறித்தார்கள்.

"எலே, இங்க ஏத்தி எறக்கது நாங்களாக்கும்," என்றார் அவர்களின் தலைவர் சசிதரன்.

"சரி அண்ணா, நீங்களே ஏத்துங்க," என்ற ரெஜின், குனிந்து இயந்திரத்தின் அடியில் கை வைத்தான்.

சசிதரன் அவன் வாயில் குத்தினார். உதடு கிழிந்தது. ரெஜின் ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடியும் கை நீட்டினான்.

"சரீன்னு சொல்லிட்டு பின்னயும் தொடுதியா? நாங்க என்ன வேடிக்க பாக்க வந்தவனுவளா?"

இருவர் அவனைக் கீழே தள்ளி விலாவில் மிதித்தார்கள். அவனுக்கு மூச்சே வரவில்லை.

நால்வரும் இயந்திரத்தைப் பலகையில் தள்ளி ஏற்றினார்கள். பாதியில் அது பின்பக்கம் கனத்துச் சரிந்து, கீழே நின்ற சசிதரனின் முழங்கால்களை நசுக்கியது. எலும்பு முறிந்தது. அதன் உடைந்த தொட்டியிலிருந்து நாற்பது லிட்டர் அழுக்குத் தண்ணீர் அவர்மேல் கொட்டியது.

ரெஜினுக்கு அப்போதுதான் குரல் வந்தது.

"ஏத்துததுக்குத் தொடல்ல அண்ணா. உங்களுக்குக் கனக்கப்படாதுன்னு தண்ணிய வடிக்கத்தான் குனிஞ்சேன்."