ரோட்ஸா, வுர்லிட்சரா?

“ஆன்ட்டி, ஜெஸ்வின் ஜெயிச்சிட்டான்.”

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னான் கார்த்திகேசன். கையில் போன் இருந்தது. நல்ல செய்தி கொண்டுவந்தவன் முகம் மாதிரி இல்லை அது.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பிரிசில்லா கத்தியைக் கீழே வைத்தாள். உள்ளே வரச் சொல்ல வாயெடுத்தவள், கணவனைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

“அவன் பேர உன் வாயால சொல்லாத,” என்றார் சிலுவைமுத்து, நாற்காலியை விட்டு எழாமல். “செத்துப்போன புள்ள எதுல ஜெயிச்சா எனக்கென்ன?”

சுவரில் ஜெஸ்வினின் படம். முப்பதாம் நாள் பூசைக்குப் போட்ட மாலையை இன்னும் யாரும் எடுக்கவில்லை.

பாண்டியில் ஒரே மைக்செட் கடையில் வேலை பார்த்தவர்கள் ஜெஸ்வினும் கார்த்திகேசனும். பழைய கார்ட்டூன்களின் ஆரம்ப இசையைப் போனில் போட்டு, அதில் ஒலிப்பது எந்த எலக்ட்ரிக் பியானோ என்று கண்டுபிடிப்பது இருவருக்கும் பைத்தியம். மற்ற பையன்கள் கிரிக்கெட்டுக்கு அடித்துக்கொண்டால் இவர்கள் ரோட்ஸா, வுர்லிட்சரா என்று அடித்துக்கொள்வார்கள். இரண்டும் இவர்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு அமெரிக்காவில் செய்த பியானோக்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதே சண்டைதான். பூசை முடிந்த நேரம், பக்கத்து ஊரான இரும்பையிலிருந்து கார்த்திகேசன் சாப்பிட வந்திருந்தான். பிரியாணி தம்மில் இருந்தது. ஒரு தபால்கார ஆமை பை மாட்டிக்கொண்டு ஓடும் கார்ட்டூனைப் போட்டான் ஜெஸ்வின்.

“மணி அடிச்ச மாதிரி இருக்குது பாரு. ரோட்ஸ்டா,” என்றான் கார்த்திகேசன்.

“காதுல உப்பு ஏதாவது அடைச்சிக்கிச்சா? தொண்டை கட்டுன மாதிரி வருது, கேக்கல? வுர்லிட்சர்டா. அழுத்தி அடிச்சா அதுதான் அப்படிக் கத்தும்.”

தோற்றவன் வண்டியை எடுத்துக்கொண்டு ஈசிஆர் கடையில் பன்னீர் சோடா வாங்கி வர வேண்டும் என்று பந்தயம். தீர்ப்புச் சொல்ல பிரிசில்லாவைக் கூப்பிட்டார்கள்.

கோயில் பாடகர் குழுவுக்கு அவள்தான் கீபோர்டு வாசிப்பாள். முன்பு அங்கே ஒரு பழைய எலக்ட்ரிக் பியானோ இருந்தது, ஆரோவில்லை விட்டு ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் கொடுத்தது. ஈஸ்டர் பாட்டுக்கு அவள் அழுத்தி வாசித்தால் அது கரகரக்கும். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். உப்புக்காற்றில் துருப்பிடித்து அது ஊமையாகி வெகு காலம் ஆகிவிட்டது.

கரண்டியும் கையுமாக வந்தவள் போனைக் காதோடு வைத்துக் கேட்டாள். இன்னொரு முறை போடச் சொன்னாள்.

“கார்த்தி சொல்றதுதான் சரி. ரோட்ஸ்.”

“போம்மா! ஒழுங்கா கேளு.”

“கேட்டாச்சு, கேட்டாச்சு. போய் சோடா வாங்கிட்டு வாடா. சூடு ஆறிடும்.”

சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு, கார்த்திகேசனைப் பார்த்து நாக்கைத் துருத்திவிட்டுப் போனான் ஜெஸ்வின். உப்பளத்திலிருந்து வந்த லாரி ஒன்று வளைவில் அவன்மேல் ஏறியது. பிரியாணியை மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் திறந்து, கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

“பந்தயம் கட்டி என் புள்ளைய ரோட்டுக்கு அனுப்புனவன்” என்று கல்லறைத் தோட்டத்திலேயே கார்த்திகேசனை விரட்டினார் சிலுவைமுத்து. அதன்பிறகு அவன் இந்தப் பக்கம் வரவில்லை. இன்றுதான் வந்திருக்கிறான்.

“அந்த டியூன்ல என்ன பியானோன்னு அப்பவே நெட்ல கேட்டு வச்சிருந்தேன் ஆன்ட்டி. இன்னைக்குத்தான் பதில் வந்துது.” போனை நீட்டினான். ஒரு கருப்பு வெள்ளைப் படம். “ரெக்கார்டிங் அன்னைக்கி எடுத்தது. வாசிச்சவரோட பொண்ணே அனுப்பியிருக்காங்க. பியானோ மேல பேரு தெரியுது பாருங்க. வுர்லிட்சர்.”

பிரிசில்லா அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை.

“அவன் சொன்னதுதான் கரெக்ட். நான்தான் தப்பு. சொல்லாம விட்டுடலாம்னு பாத்தேன், முடியல. தூங்க முடியல அங்கிள். என்னை என்ன வேணா பண்ணுங்க.”

சிலுவைமுத்து எழுந்து வந்தார். அவன் காலரைப் பிடித்துக் கதவோடு சேர்த்து அழுத்தினார்.

“அப்போ அன்னைக்கு நீதானடா போயிருக்கணும்?”

“ஆமா அங்கிள்.”

“நீ போயிருந்தா என் புள்ள இங்க உக்காந்து சாப்புட்டுட்டு இருப்பான், இல்ல?”

“ஆமா அங்கிள்.”

“தப்பா சொல்லி ஜெயிச்சி, என் புள்ளைய கொன்னுட்டு, எங்கிட்டயே போட்டோ காட்ட வந்திருக்கியாடா?”

கையை ஓங்கினார். கார்த்திகேசன் கண்ணை மூடிக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தான். அதைத்தான் வாங்கிக்கொண்டு போக வந்தவன்போல நின்றான்.

பிரிசில்லா எழுந்து வந்து, ஓங்கிய கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். சுவரில் இருந்த படத்தின் பக்கம் அவள் திரும்பவில்லை.

“அவன வுடுங்க. விருந்துக்கு வந்த புள்ளைய வெயில்ல கடைக்கு அனுப்பக் கூடாதுன்னு, தெரிஞ்சேதாங்க நான் மாத்திச் சொன்னேன்.”