மூன்று நிமிடச் சத்தம்

"எங்கேப்பா சத்தம்?" என்று கேட்டார் மெக்கானிக் அப்துல் சத்தார் பாய். இது நாலாவது தடவை.

அர்ஜுனன் திருதிருவென்று விழித்தான். காலையில் பிள்ளையார்பாளையத்தில், வீட்டு வாசலில் கிளப்பியபோது டக் டக் டக்கென்று ஊரைக் கூட்டிய இஞ்சின், பாயின் பட்டறைக்கு வந்ததும் பால் குடித்த பூனையாக நின்றுகொண்டிருந்தது. பெட்ரோல் போட்டு வருகிறேன் என்று பெண்டாட்டி லோகாம்பாளிடம் பொய் சொல்லிவிட்டு வேறு வந்திருந்தான்.

தறியை விட்டுவிட்டு, பத்தொன்பது வயசான இந்தக் கறுப்புக் காரை வாங்கி, வாடகைக்கு ஓட்டத் தொடங்கி இருபது நாள்தான் ஆகிறது.

இன்று சாயங்காலம் நாலு மணிக்கு லோகாம்பாளின் அண்ணன், மச்சான் தர்மன் இதில் ஏறப்போகிறான். திருப்புட்குழி கோயிலுக்கு என்று பெயர். உண்மையில் வண்டியைச் சோதிக்கத்தான். தர்மன் பெரிய பட்டுக்கடை ஒன்றில் மேனேஜர். அவன் தலையாட்டினால் கடைக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்கும் சவாரியெல்லாம் அர்ஜுனனுக்கு. உதட்டைப் பிதுக்கினால் மறுபடியும் தறிக்குழிதான்.

தர்மனோ, கல்யாணப் பந்தியில் மூன்று தரம் சாம்பார் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு உப்பு குறைவு என்று சொல்லி எழுகிற ஆள்.

பாய் இஞ்சினை அணைத்தார். டீ வரவழைத்துக் குடித்தார். இன்னொரு டீயும் குடித்தார். ஒரு மணி நேரம் கழித்து பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இஞ்சின்மேலும் பிடியைத் தன் காதிலும் வைத்துக்கொண்டு, "இப்போ கிளப்பு" என்றார்.

டக் டக் டக் டக்.

தான் பொய் சொல்லவில்லை என்று அர்ஜுனனுக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே போய்விட்டது.

பாய் கச்சேரி கேட்கிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். மூன்று நிமிடம். சத்தம் மெல்லத் தேய்ந்து நின்றுபோனது.

"பிஸ்டன் தேஞ்சிருக்குது. ஆறிப்போனா ஆடும், சூடேறினா அடங்கிடும். இஞ்சினை எறக்கணும், ஒரு வாரம் ஆவும். எத்தினி நாளா இருக்குது?"

"இன்னிக்குத்தான் பாய். நேத்துகூட பட்டு மாதிரி கிளம்புச்சு."

"ஒரே ராத்திரியில தேயறதுக்கு இது இன்னா சந்தனக்கட்டையா?" பாய் சிரித்தார். "இன்னிக்கு அமாவாசைபா. உங்காளுங்க ஒருத்தரும் தறியில உக்காரமாட்டீங்க. தெருவே கப்சிப். இத்தினி நாளும் தறிச் சத்தத்துல உன் வண்டி தப்பிச்சுக்கினு இருந்திருக்குது."

மச்சான் வருவதற்குக் கால் மணி முன்னாலேயே கிளப்பிச் சூடேற்றி வை என்று சொல்லி அனுப்பினார்.

நல்ல யோசனைதான். ஆனால் அமாவாசைச் சாப்பாட்டில் வடையும் பாயசமும் இருந்தன. அர்ஜுனன் நாலு வடை தின்றான், பாயசத்தை இரண்டு தரம் வாங்கினான், சும்மா ஒரு நிமிஷம் என்று சாய்ந்தான்.

"இன்னா டிரைவர் சார், தூக்கமா?"

தர்மன். மணி மூன்றரை. நாலு என்று சொன்னால் மூன்றரைக்கு வந்து நிற்பதுதானே அவன் வழக்கம். வேப்பமரத்து நிழலில் வண்டி ஆறி அவலாகக் கிடந்தது. தன் பெண்டாட்டியைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டு, தர்மன் பானெட் பக்கத்தில் வந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

தெருவில் காக்காய் இறக்கை அடிப்பது கேட்டது.

லோகாம்பாளைக் காணவில்லை. அது ஒன்றும் புதிதல்ல. கார் வந்த நாளிலிருந்தே அவளுக்குத் தன்மேல் கோபம் என்பது அர்ஜுனனின் முடிவு. விடியற்காலை நாலரை மணிக்கு இவன் சாவியை எடுத்தால் போதும், வாசல்வரை வந்து வழியனுப்ப மாட்டாள். விடுவிடுவென்று போய்த் தறியில் உட்கார்ந்து அடிப்பாள். நீ விட்ட தறியைப் பார் என்று காட்டுகிறாளாம். அவனுக்கு மனசு ரொம்பத்தான் நொந்திருந்தது.

முருகா என்று ஸ்டார்ட்டரை இழுத்தான்.

டக்...

கட்டக் கட்டக் கட்டக் கட்டக்.

வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம். எதிர்வீட்டுக் கிருஷ்ணம்மாள் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள். தர்மன் காரையே மறந்தான்.

"அமாவாசையும் அதுவுமா தறியா? ஏய் லோகா!"

அவன் கத்தக் கத்த அது இன்னும் பலமாக அடித்தது. மூன்று நிமிடம். இஞ்சின் அடங்கிய நொடியில் தறியும் நின்றது.

அர்ஜுனன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான். விடியற்காலை நாலரைக்குப் பாளையத்தில் வேறு எந்த வீட்டில் தறி ஓடியது? இருபது நாளாகத் தான் ஒரு மடையன் என்று அவனுக்குத் தெரிந்தது.

லோகாம்பாள் ஒரு கையில் பூக்கூடையும் மறுகையில் தறியில் ஓடவிடும் நாடாவுமாக வெளியே வந்தாள். நாடாவில் நூலே இல்லை.

"நெய்யலண்ணா. தறியில ஏதோ சத்தம் வருதேன்னு பலகையைத் தட்டிப் பாத்துக்கினு இருந்தேன். பழசாயிடுச்சு இல்ல?"

"நல்லா பாத்த போ! காது கிழியுது. இங்க பாரு, வண்டி எப்படி நிக்குதுன்னு. சத்தமே இல்ல." தர்மன் ஏறிக்கொண்டு அர்ஜுனன் தோளைத் தட்டினான். "நாளைக்கே கடையில சொல்லிடறேன்பா."

லோகாம்பாள் முன்சீட்டில் வந்து உட்கார்ந்தாள். கதவைச் சாத்துகிற சாக்கில் கணவன் காதோரம் சாய்ந்தாள்.

"பாய் எத்தினி நாள் ஆவும்னாரு?"