கம்பிக்கு அந்தப் பக்கம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வீட்டில் இருந்தவர்கள்: மாமியார், அவருடைய பதினொரு வயது இளைய மகள், வந்து ஒரு வாரமே ஆன வீட்டோடு மாப்பிள்ளை. அவனைக் கட்டிக்கொண்ட மூத்த மகளுக்கு ரொட்டிக் கம்பெனியில் காலை ஷிப்டு; ஆகவே கணக்கில் இல்லை.

கொல்லையில் ஐந்து பெட்டைக் கோழிகள். கம்பிவலைக் கூண்டுக்குள் புதிதாக வாங்கிய சேவல் ஒன்று.

மதிலுக்கு அந்தப் பக்கம் தையல்கார அம்மா. பக்கத்து வீடுதான் என்றாலும் அவரையும் சேர்த்தே எண்ண வேண்டும். கண்ணும் காதும் இந்தப் பக்கம்தானே.

ஆக மனிதர்கள் நான்கு, கோழிகள் ஆறு.

ஐந்தாவது ஆளாகப் பின்வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் மாப்பிள்ளையின் அக்கா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். தையல்கார அம்மாதான் போன் செய்து வரவழைத்திருந்தார். ஒரே வாரத்தில் இந்த வீட்டுக்கு இரண்டு சேவல் வந்ததாகவும், இரண்டுக்கும் கொல்லையில்தான் தீனி என்றும் சொல்லியிருந்தார்.

பொய் இல்லை. கூண்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் தம்பி. லாரி ஓட்டுபவன். ஆறடி உடம்பில் பாதிதான் வாளியின் மேல் அடங்கியது.

"வாக்கா" என்றான், மிக மெல்லிய குரலில்.

அக்காவுக்கு அதுதான் முதலில் சுட்டது. "உன் தொண்டை எங்கடா போச்சு? உன் லாரிக்கு ஹாரனே வேண்டாம்பாங்க."

"மெதுவாப் பேசுக்கா."

"பேசக்கூட விடலையா உன்னை?"

மாமியார் கரண்டியோடு வாசற்படிக்கு வந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பினார். கூண்டில் இருக்கும் சேவல் கம்பிக்குள் தின்பது சரி, என் தம்பி எதற்காக வெளியே தின்கிறான் என்று கேட்டார்.

சேவலுக்குக் காரணம் இருந்தது. புது ஆளைத் திடீரென்று நடுவில் விட்டால் பெட்டைகள் மிரண்டு இரை எடுக்காது. கம்பிக்கு இரண்டு பக்கமும் தீனி போட்டு எதிரெதிரே தின்னவிட்டால் பார்த்துப் பார்த்துப் பழகிவிடும். இதை மாமியார் விவரமாகச் சொன்னார்.



"என் தம்பி விஷயத்துக்கு வாங்க, சம்பந்தியம்மா."

மாமியார் ஒரு நொடி சமையலறைக் கதவைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "என் தப்புதாம்மா" என்றார்.

"அக்கா, அவங்களை ஒண்ணும் சொல்லாதே. இன்னும் ரெண்டு மூணு நாள்ல எல்லாம் சரியாயிடும்" என்றான் தம்பி.

"என்ன சரியாயிடும்?"

அவன் தட்டைப் பார்த்தான்.

கதவோரம் அவனுடைய பை இருந்தது. இன்னும் பிரித்துக்கூட அடுக்கவில்லை. அக்கா அதைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். "எழுந்திரு. உன் பொண்டாட்டி வேலை முடிஞ்சதும் நம்ம வீட்டுக்கு வரட்டும். உனக்கு உட்கார்ந்து சாப்பிட அங்க இடம் இருக்கு."

மதிலுக்கு மேல் தையல்கார அம்மாவின் தலை முழுசாகவே தெரிந்தது.

அப்போது சமையலறைக் கதவு அசைந்தது. பின்னாலிருந்து இளையவள் வந்தாள். கையில் பாதி சாப்பிட்ட தட்டு. யாரையும் பார்க்காமல் படியிறங்கி, மாப்பிள்ளையைத் தாண்டிப்போய், சேவல் கூண்டின் கொக்கியை எடுத்துவிட்டாள்.

சேவல் ஒரு கால் வைத்தது, யோசித்தது, மறு கால் வைத்தது. பெரியம்மா என்று பெயர் வைத்திருந்த மூத்த பெட்டை நேரே வந்து அதன் கழுத்தில் ஒரு கொத்து வைத்தது. சேவல் திருப்பிக் கொத்தவில்லை. தரையில் கிடந்த ஒரு தானிய மணியை எடுத்து, தின்னாமல் கீழே போட்டுவிட்டு, கொக் கொக் என்று கூப்பிட்டது. பெரியம்மா அதைத் தின்றது.

அதைப் பார்த்துக்கொண்டே இளையவள் பேசினாள். அக்காவிடம்தான் பேசினாள்.

"அம்மா அவரை வெளிய உட்கார வைக்கலை."

"பின்ன யாரு?"

"முதல் நாள் சாப்பிடறப்ப அவர் சத்தமா சிரிச்சாரு. எங்க வீட்ல அப்படி ஒரு சத்தம் கேட்டதே இல்லை. நான் பயந்துபோய்ச் சாப்பிடாம எழுந்துட்டேன். மறுநாள்ல இருந்து அவரே தட்டை எடுத்துக்கிட்டு வெளிய வந்துட்டாரு. குரலையும் குறைச்சுக்கிட்டாரு. எனக்காகன்னு என்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மாகிட்ட சத்தியம் வாங்கினாரு. கதவுக்குப் பின்னால எனக்குக் கேட்டுடுச்சு."

அக்காவின் தோளிலிருந்து பை தானாக இறங்கியது.

இளையவள் இப்போது மாப்பிள்ளையைப் பார்த்தாள். அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை.

"உள்ள வந்து சாப்பிடுங்க அத்தான்."

அவனுக்கு வாய் கொள்ளாமல் சிரிப்பு வந்தது. கையால் பொத்திக்கொண்டான்.

"பரவாயில்லை, சிரிங்க" என்றாள்.

சிரித்தான். லாரி ஹாரன்தான். பெட்டைகள் ஐந்தும் திரும்பிப் பார்த்துவிட்டுத் தீனியைத் தொடர்ந்தன. மதிலுக்கு மேலிருந்த தலை சட்டென்று இறங்கியது. இளையவள் அசையவில்லை, தட்டையும் நழுவ விடவில்லை.

அக்கா பையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போய், அலமாரி எது என்று கேட்டார். மாமியார் நான்காவது தட்டை எடுத்து வைத்தார்.

நான்கு பேரும் உள்ளே. ஐந்து பெட்டைகளும் வெளியே. கம்பிக்கு அந்தப் பக்கம், அந்தச் சிரிப்புக்குப் பயந்து ஓடிப்போய்க் கூண்டுக்குள் ஒண்டிக்கொண்டது மிச்சம் ஒன்று: சேவல்.