ஒரே ஒரு சிவப்பு

கம்ப்யூட்டர் திரையில் தெரிந்த மார்க் பட்டியலில் எல்லாக் கட்டங்களும் பச்சையாக இருக்க, ஒன்றே ஒன்று மட்டும் சிவப்பாக நின்று கணக்கு வாத்தியாரின் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

"மத்த புள்ளைங்க எல்லாம் தேறி, சாயங்கால ஸ்பெஷல் கிளாஸை விட்டுப் போயாச்சு. இவ ஒருத்தி மட்டும் எந்த டெஸ்ட்லயும் தேறலையே, சார்?" என்றார் தலைமையாசிரியை.

"கெட்டிக்காரப் பொண்ணுதான் மேடம். ஏன்னு எனக்கே பிடிபடல."

"நீங்க நடத்தற விதம் அவளுக்கு ஒத்துவரலபோல. அடுத்த வாரத்துலேர்ந்து வேற டீச்சர்கிட்ட விட்டுடலாம். நீங்களும் நேரத்தோட வீட்டுக்குப் போகலாம்ல?"

"எனக்கென்ன மேடம் அவசரம்? போய்ப் பூட்டைத் திறக்கணும், அவ்வளவுதானே." சிரிக்கப் பார்த்தார் வாத்தியார். சரியாக வரவில்லை. எழுந்து போய்விட்டார்.

தலைமையாசிரியை எதையும் ஒருமுறை பார்த்து முடிவெடுக்கிறவர் இல்லை. அந்தப் பெண்ணின் விடைகளைக் கேள்விவாரியாகப் பிரித்துப் பார்த்தார்.

வகுப்பே தடுக்கி விழுந்த கடினமான கணக்குகளையெல்லாம் அவள் ஊதித் தள்ளியிருந்தாள். சின்னக் குழந்தைகூடப் போட்டுவிடும் கூட்டல்களில்தான் கோட்டை விட்டிருந்தாள். அதுவும் ஒவ்வொரு டெஸ்ட்டிலும், பாஸ் மார்க்குக்கு ஒரே ஒரு மார்க் குறைகிற மாதிரி.

அவருக்கு விளங்கிவிட்டது. ஆளில்லாத வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் பள்ளியிலேயே சுற்றிச் சுற்றி வரும் பிள்ளைகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். பாவம், இந்த வயதில் இவளுக்கு இவ்வளவு தனிமையா! கூப்பிட்டு அனுப்பினார்.

வந்து நின்றவளிடம் மெல்லக் கேட்டார். "வேணும்னேதானே தப்பாப் போடற?"

தலை குனிந்தாள்.

"சாயங்காலம் வீட்ல யாரும் இருக்க மாட்டாங்களா? தனியா இருக்கப் பயமா இருக்கா?"

"ஐயோ, இல்ல மேடம்! அம்மா, சித்தி, அக்கா, ரெண்டு தம்பிங்க... உக்காரவே இடம் கிடையாது. லேட்டாப் போறேன்னு தினம் திட்டு வேற வாங்கறேன்."

தலைமையாசிரியைக்குத் தன் கணக்கு எங்கே தப்பியது என்று புரியவில்லை. "அப்புறம் ஏம்மா இப்படி? பாஸ் பண்ணிட்டா இந்தக் கிளாஸுக்கு வரவே வேண்டாமே!"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். எதிர் வகுப்பறையில் வாத்தியார் பலகையைத் துடைத்து முடித்துவிட்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நானும் பாஸாயிட்டா, சார் யார்கிட்ட மேடம் பேசுவாரு?"