எட்டு மணி வகுப்பு

வெர்னன் நான்கு வண்ணப் பென்சில்களால் கட்டம் போட்டுக் கொண்டுவந்த கால அட்டவணை, பல்கலைக்கழகக் கணினி அறையில் உட்கார்ந்த பத்தாவது நிமிடமே குழம்பிப்போனது.

"ஒன்பது மணி கால்குலஸ் நிரம்பிடுச்சு, ஆட்ரி. மத்தியானம் போட்டா அக்கவுண்டிங்கோட மோதுது. எட்டு மணி ஒண்ணுதான் பாக்கி."

"எட்டு மணியா? வேண்டவே வேண்டாம்ப்பா. பாதி வகுப்பு குறட்டையிலயே போயிடும்," என்றாள் மகள்.

"முதல் செமஸ்டர்லயே கால்குலஸ் முடிக்கலைன்னா பிசினஸ் பிரிவுக்கு விண்ணப்பமே போட முடியாது. முந்நூறு இடத்துக்கு ஆயிரத்து இருநூறு பேர் நிக்கிறாங்க!"

"அப்போ அக்கவுண்டிங்கைத் தள்ளிப்போடலாமா?"

"அதுவும் கட்டாயமாம். தலையே சுத்துது, கண்ணு."

திரையில் எட்டு மணி வகுப்புக்கு மூன்று இடங்கள் இருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒன்றானது.

ஆலோசகர் பெல்ட்மன் அம்மையார் கைதட்டினார். "பதிவு பண்ணும்போது குடும்பத்தார் பக்கத்துல இருக்கக் கூடாது. எல்லாரும் வெளியே காத்திருங்க."

அப்பாக்களும் அம்மாக்களும் முணுமுணுத்தபடி கிளம்பினார்கள். வெர்னன் மட்டும் அசையவில்லை. பெல்ட்மன் அருகில் வந்தார்.

"உங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன், சார்."

ஆட்ரி சட்டென்று எழுந்தாள். "அவர்தான் மேடம் மாணவர். நான் சும்மா துணைக்கு வந்தேன்."

பிறகு அப்பாவின் காதருகே குனிந்தாள்.

"அந்தக் கடைசி இடத்தை எடுத்துடுப்பா. காலையில உன் நைட் ஷிப்ட் முடியறப்போ ஆலை வாசல்ல காரோட நிப்பேன். வழியில தூங்கிக்கோ. எனக்கு ஸ்கூல் எட்டரைக்குத்தானே!"